ஏழாம் பாகம் ஏன் தாமதமாகிறது என்றால்

கோபித்துக்கொள்ளாதீர்கள், எட்டிப் பார்த்துவிட்டேன். அட்டையில் யாளியின் வால் தெரிந்தது. வால் தெரிந்தால் போதும், எந்தப் பாகம் என்று சொல்லிவிடுவேன். 'ஆழிமகுடம்' இரண்டாம் பாகம்தானே? கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், பிள்ளையின் கால் உங்கள் மேல் படும். அம்பை வரைக்கும் தூங்குவாள். நீங்கள் எங்கே, பாபநாசமா? அப்படியானால் பேசிக்கொண்டே போகலாம்.

எந்த இடத்தில் இருக்கிறீர்கள்? தழலினி முதன்முதலாக யாளி மேல் ஏறுகிற இடமா! கொடுத்து வைத்தவர். அதையெல்லாம் முதல் தடவை படிக்கிற பாக்கியம் எனக்கு இனிமேல் கிடைக்குமா? இல்லை இல்லை, நான் கதையைச் சொல்ல மாட்டேன். கதையைச் சொல்லிக் கெடுக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்த யாளி மேல் ரொம்பப் பாசம் வைத்துவிடாதீர்கள். மூன்றாம் பாகத்தில் மனசு கஷ்டப்படும். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாம் பாகம் எப்போது வருமா? கேட்டீர்கள் பாருங்கள் ஒரு கேள்வி. இந்தக் கேள்வியை நம் ஜில்லாவில் என்னைவிட அதிகமாகக் கேட்டவர் யாரும் கிடையாது. என் பெயர் பெனிட்டா. பாளையங்கோட்டை 'ஆழிமகுடம்' வாசகர் வட்டத்தின் செயலாளர். இப்போது முன்னாள் செயலாளர். அது அவர்கள் செய்த ஒரு சின்ன ஏற்பாடு, எனக்குக் கைப்பிள்ளை இருக்கிறதே என்கிற கரிசனத்தில் செய்தது. எழுத்தாளர் வெண்கோடன் இருக்கிறாரே, அவர் அம்பையில்தான் இருக்கிறார், தெரியுமா? சொந்தப் பெயர் குற்றாலிங்கம். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர் வீடு. அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். சும்மா, பார்த்துவிட்டு வர.

முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ஆறாம் பாகம் வந்த அன்று எனக்கு ஏழாம் மாதம். ஷட்டர் திறப்பதற்கு முன்பே புத்தகக் கடை வாசலில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற மைதீன் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், வட்டத்தின் தலைவர், "ஏம்மா, இந்த நிலைமையில நீ வரணுமா? உனக்கும் சேத்து நான் வாங்கிட்டு வந்திருப்பேன்லா?" என்றார். முதல் பிரதியை அவர் தொட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியாதா? வாங்கினேன், மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்று மாலையே பனிக்குடம் உடைந்துவிட்டது. புத்தகத்தின் கனம்தான் காரணம் என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆறாம் பாகத்தைத் தூக்கிப் பார்த்தவர்கள் அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டார்கள்.

இதோ இவள்தான் பிறந்தாள். இப்போது பாருங்கள், தொடையெல்லாம் எப்படி இருக்கிறது! அன்றைக்கு ஒரு பிடி. தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். குறை மாதப் பிள்ளைகள் சில சமயம் மூச்சு விட மறந்துவிடுமாம். மறந்துவிடும்! கதவைப் பூட்ட மறப்பது போல! மெஷின் கூவும். வள்ளியம்மை என்று ஒரு நர்ஸ், ஓடி வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார். உடனே ஞாபகம் வந்து மூச்சு விடுவாள். "ஒண்ணும் இல்ல, இப்படித்தான் செய்யுங்க எல்லாம்" என்று வள்ளியம்மை சொல்வார். அவருக்கு ஒன்றும் இல்லை. நான்தான் அடுத்த கூவலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு பிள்ளையை என் நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். அம்மாவின் சூடு படவேண்டுமாம், குரல் கேட்கவேண்டுமாம். என்ன பேசுவது? மூக்கும் முழியும் தேறாத பிள்ளையிடம் என்ன பேச? ஆன்றோவை, அவர்தான் என் வீட்டுக்காரர், ஆறாம் பாகத்தை எடுத்துவரச் சொன்னேன். மெதுவாகப் படித்தேன். தழலினி அம்பு பட்டுக் குளிர்க்குகைக்குள் கிடக்கிற அத்தியாயம். ஐயோ, சொல்லிவிட்டேனா? பரவாயில்லை, அம்புதானே. கதையில் யாருக்குத்தான் அம்பு படவில்லை? அந்தக் குகைக்குள் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: "இன்னும் ஒரு மூச்சு. அதற்குப் பிறகு இன்னும் ஒன்று." இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வள்ளியம்மை கேட்டுவிட்டு, "என்ன ஜெபம்க்கா இது? உங்க வேதத்துல உள்ளதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாலைந்து நாள் கழித்து அவரே வந்து, "அந்தப் பொண்ணு குகையிலேர்ந்து வெளிய வந்துட்டாளா?" என்று கேட்டார்.

அங்கே வைத்துத்தான் அது நடந்தது. ஒரு தடவை மெஷின் கூவியது, வள்ளியம்மை சுண்டினார், பிள்ளை மூச்சு விடவில்லை. மறுபடி சுண்டினார். அப்போதும் இல்லை. நான் நேர்ந்துகொள்ள வாயைத் திறந்தேன். உவரி அந்தோணியாரைத்தான் கூப்பிட நினைத்தேன், சத்தியமாக. என் வாயில் தழலினி வந்துவிட்டாள். "தழலினி, என் பிள்ளையைக் கொடு, உன் பெயரை வைக்கிறேன்" என்றேன். மூன்றாவது சுண்டுக்குப் பிள்ளை வீறிட்டு அழுதது.

எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள். கான்வென்ட்டில் படித்தவள். பூனை குறுக்கே போனால் நிற்கிறவளைச் சிஸ்டர் கொன்சாகா மைதானம் முழுக்க ஓட விடுவார்கள். ஆனால் நேர்ச்சை என்பது வேறு. அது கொடுத்த வாக்கு. கிடாய் நேர்ந்துவிட்டுக் கோழியைக் கொண்டுபோன ஒருத்தியின் கதை என் மாமியாருக்குத் தெரியும். கேட்டால் நீங்களும் ஒரு வாரம் தூங்க மாட்டீர்கள்.

டிஸ்சார்ஜ் எழுதித் தந்த அன்று, ஆன்றோ பில் கட்டப் போயிருந்தார். நான் பையையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கேளுங்கள். இல்லை, வேண்டாம், நீங்கள் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறீர்கள். சரி, இது மட்டும். கயிற்றுப் பாலம். கீழே பாதாளம். தழலினி நடுவில் நிற்கிறாள். மறுகரையில் அவள் தம்பி மாறவேல் வாளோடு நிற்கிறான். ஆமாம், நல்லவன்தான், இரண்டாம் பாகத்தில் நல்லவன்தான். அவன் கயிற்றை வெட்டுகிறான். பாலம் சரிகிறது. கடைசி வரி என்ன தெரியுமா? "தழலினியின் கை". அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை. கை என்ன செய்தது? பிடித்ததா, நழுவியதா? திருப்பிப் பார்க்கிறேன், வெறும் அட்டை. அங்கே, அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. நேர்ந்தது நேர்ந்தாயிற்று. பெயர் பிள்ளைக்கு. பெயருக்கு உரியவள் அந்தரத்தில்.

நானாவது ஒரு தாய். மற்றவர்களுக்கு என்ன வந்தது? எங்கள் வட்டம் இரண்டாக உடைந்தது. 'பிடித்தவர்கள்' ஒரு வாட்ஸப் குழு, 'விட்டவர்கள்' ஒரு குழு. பிடித்தவர்களுக்கு நான் தலைவி. விட்டவர்களுக்கு மைதீன் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலிபால் மைதானத்தில் சோதனையே நடத்தினோம். தேங்காய்நார்க் கயிற்றைத் தண்ணீரில் நனைத்துக் கம்பத்தில் கட்டி, சறுக்குகிற கயிற்றை மனிதக் கை பிடிக்குமா என்று பார்த்தோம். தொங்கியது மைதீன் அண்ணன். தொங்கின உடனே விட்டுவிட்டார். வேண்டுமென்றே விட்டார். "பாத்தியா? பிடிக்க முடியாது!" என்று தரையில் கிடந்துகொண்டே கத்தினார். ஒரு மாதம் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். உண்மைக்காக யாரும் அப்படி விழ மாட்டார்கள், பிடிவாதத்துக்காகத்தான் விழுவார்கள்.

இந்த நேரத்தில் ஞானஸ்நானம் வந்தது. தள்ளிப் போட முடியாது. நாத்தனார்தான் ஞானத்தாய், அவள் மஸ்கட்டுக்குத் திரும்ப வேண்டும். என் மாமியார் ஏற்கெனவே அந்தோணியாருக்கு நேர்ந்து, 'அந்தோணியம்மாள்' என்று முடிவே செய்துவிட்டார்கள்.

"பேரு என்னட்டி பேரு, தளலினி குளலினின்னு? எந்தக் கோயில்ல இருக்கா அவ? எந்த மாசம் திருநாளு?"

"நேர்ச்சை, அத்தை."

நேர்ச்சை என்றதும் அடங்கிவிட்டார்கள். அதற்கு மேல் பேச அவர்களுக்கும் பயம். ஆன்றோதான், "ரெண்டையும் வச்சிருவோம். ரெண்டு பேரும் சண்டை போடாம பாத்துக்கிடட்டும்" என்றார். அவர் எதையும் படிக்க மாட்டார். அதனால் அவருக்கு எல்லாம் லேசாகத் தெரியும்.

கோயிலில் எல்லாரும் நின்றார்கள். ஸ்தனிஸ்லாஸ் ஃபாதர் அங்கி போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர் மொண்டுகொண்டு, "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். நான் சொன்னேன், "அந்தோணி தழலினி மரியா." ஃபாதர் கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் சொட்டுகிறது. என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "ஆறாம் பாகத்தை நேத்துதான் முடிச்சேன்மா. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார்.

குருவானவர் கேட்கிற கேள்வியா இது? பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு? "ஊத்துங்க ஃபாதர்" என்றேன். ஊற்றினார். பிள்ளை அழவே இல்லை. அழாதது நல்லதா கெட்டதா என்று அதற்கும் ஒரு பயம்.

வெளியே வந்தால் பிரியாணி சாப்பிட வந்த மைதீன் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்கிடாதம்மா. முதல் பாகத்துல முதல் வரி என்ன?" என்றார். நீங்களும் படித்திருப்பீர்களே, 'தழலினி விழுந்த நாளில் கடல் தன் மகுடத்தைத் திருப்பித் தந்தது.' "விழுந்த நாள்ல! மனுஷன் அன்னைக்கே எழுதி வச்சுட்டாரு. அவ விழுந்தாத்தான் கதை முடியும். வேற பேரு வைக்கலாம்ல?" காய்ச்சலில் விழுந்த நாளாகவும் இருக்கலாம் அண்ணா என்றேன். அவர் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் தர்க்கம் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். தலையைத் தடவினாரே, அதுதான்.

புத்தகக் கண்காட்சிக்கு ஏழாம் பாகம் கட்டாயம் என்று விளம்பரம் வந்திருந்தது. அதற்குள் ஒரு எட்டு அம்பைக்குப் போய்வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வெண்கோடன் சார் கைலியும் பனியனுமாகக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே மேஜையில் எழுதின தாள் கட்டுக்கட்டாக இருந்தது. எல்லாம் கையால் எழுதுவதுதான், நகல் எடுக்கிற வழக்கமே கிடையாது. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தெரியுமா? அவளைக் கொன்றுவிடாதீர்கள் என்று ஒரு எழுத்தாளரிடம் போய்ச் சொல்வதா? கான்வென்ட்டில் அப்படியா வளர்த்தார்கள்? சும்மா பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். பெயரைச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, மெஷின், வள்ளியம்மை சுண்டியது எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் அழுதேன். அவ்வளவுதான்.

"என்ன பேரு?" என்று மறுபடி கேட்டார்.

"தழலினி, சார்."

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பகவதியம்மா காபி கொண்டுவந்தவர், டம்ளரோடு நின்று அவரையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப என்ன செய்வீய?" என்று அவரிடம் கேட்டார். எதைப் பற்றி என்று எனக்குத் தெரியவில்லை. செடிக்குத் தண்ணீர் பாதியில் நின்றுவிட்டதே, அதைப் பற்றி இருக்கும். பிள்ளை அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். எழுதுகிற கை. விடவே இல்லை. பகவதியம்மாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் ஏழாம் பாகம் தள்ளிவைக்கப்படுகிறது, ஆசிரியர் முடிவை மறுபரிசீலனை செய்கிறார். எனக்கு வந்த ஆத்திரம்! என்ன மனிதர் இவர்? எத்தனை வாசகர்கள் காத்துக்கொண்டிருக்கிறோம்? ஒரு பொறுப்பு வேண்டாமா? வட்டத்தின் பொதுக் குழுவில் நான் நீளமாக எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. மைதீன் அண்ணன் மட்டும், "நீ அம்பைக்குப் போயிருந்தியாமே?" என்று கேட்டிருந்தார். நான் போனதற்கும் இதற்கும் என்ன?

பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டாமா? அப்போதும் புத்தகம் முடிந்து அச்சுக்குப் போகிற தறுவாயில்தான் இருந்தது, நல்ல வேளையாகத்தான் போனேன். இவள் அதுவரை நடக்கவில்லை. குறை மாதம் இல்லையா, நடக்கத் தாமதமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில், என் கையை விட்டுவிட்டு, தட்டுத் தடுமாறி நாலு எட்டு வைத்தாள். நேரே அவர் மேஜைக்குத்தான் போனாள். விழப் போனவள் மேலே இருந்த தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாள் கிழிந்துவிட்டது. நான் பதறிவிட்டேன். அவர், "கிழிக்கட்டும்மா" என்றார். "கிழிக்கட்டும், கிழிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூசி விழுந்திருக்கும் போல, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பகவதியம்மா வாசல் வரை வந்து என்னிடம் குசுகுசுவென்று சொன்னார். "தூக்கமே இல்ல தாயி இவுகளுக்கு. எழுதுதாவ, அடிக்காவ, எழுதுதாவ, அடிக்காவ. அவ விழுந்தாத்தான் மத்தவன் எல்லாம் பொழைப்பானாம், மொதல்லயே அப்படி முடிச்சு போட்டாச்சாம். இப்ப பாலத்துலேர்ந்து அவள எறக்கிவிடவும் முடியல, தள்ளிவிடவும் மனசில்ல. அந்தப் புள்ள இன்னும் அந்தரத்துலதான் தொங்குது. நேத்துச் சோறு திங்கையில, கை எவ்வளவு நேரம் தாங்கும்னு என்கிட்ட கேக்காவ."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்ல? தொங்குறவளுக்குத்தான தெரியும்னேன்."

பாவம் அந்த அம்மா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சாருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள், இப்படித் தூக்கம் கெட்டால் சர்க்கரையாகத்தான் இருக்கும், வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மாதமே இன்னொரு அறிவிப்பு. மறுபடி தள்ளிவைப்பு.

இப்படித்தான் இருக்கிறது அவர் லட்சணம். இவ்வளவு ஆசையாகக் காத்திருக்கிறவர்களை இப்படி வதைக்கக் கூடாது. புத்தகம் வரவேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் யார்? வந்த அன்றைக்கே வாங்கி, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இல்லை, நான் பார்க்க மாட்டேன், ஆன்றோவைப் பார்க்கச் சொல்வேன். அவர் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால்... சரி, அதை விடுங்கள்.

இருங்கள், ஒரு நிமிஷம். இவள் மூச்சு சத்தம் கேட்கிறதா உங்களுக்கு? இந்த பஸ் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. லேசாக உள்ளங்காலில் ஒரு சுண்டு... சரி சரி சரி, அழாதே கண்ணு, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அம்மாதான். பார், அக்காவைப் பார். புத்தகத்தைப் பார். யாளி பார், யாளி! பார்த்தீர்களா, முழித்துவிட்டாள். டாக்டர் திட்டுவார். பிள்ளை ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுகிறாள், இனிமேல் என்னிடம் கூட்டிக்கொண்டு வராதே என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு புத்தகம்கூடப் படிக்காத மனிதர்.

கல்லிடைக்குறிச்சி வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

போன வாரம் மைதீன் அண்ணன் பொதுக் குழுவில் போட்டிருந்தார். ஏழாம் பாகம் முடிந்தேவிட்டதாம், இந்த முறை உறுதியாம், கட்டு சிவகாசி அச்சகத்துக்குப் போகிறதாம். குழுவில் ஒரே கொண்டாட்டம். பிடித்தவர்களும் விட்டவர்களும் கட்டிப்பிடிக்காத குறை. அதற்குப் பிறகு எல்லாருக்கும் என்மேல் திடீரென்று என்ன அக்கறை, சொன்னால் நம்ப மாட்டீர்கள். அம்பை ரோடு எல்லாம் தோண்டிப் போட்டிருக்கு, பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கேயும் போகாதே என்று ஒருத்தர் போன் செய்தார். பாருங்கள், ரோடு மாவு போல இருக்கிறது. தன் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஆள் இல்லை, இந்த வாரம் முழுக்க வந்து இரு என்று இன்னொருத்தி. ஸ்தனிஸ்லாஸ் ஃபாதர் வீட்டுக்கே வந்துவிட்டார். தாய்மார்களுக்கு மூன்று நாள் தியானம் நடத்துகிறாராம், நான் கண்டிப்பாக வரவேண்டுமாம். "வேற எந்தத் தாய்மார் வர்றாங்க ஃபாதர்?" என்று கேட்டேன். "நீங்க வாங்கம்மா, மத்தவங்க வருவாங்க" என்றார். கடைசியில் மைதீன் அண்ணன் கண் பரிசோதனை செய்கிறேன் என்று என்னைக் கடையில் உட்கார வைத்து, எழுத்தைப் படி, எழுத்தைப் படி என்று ஒரு மத்தியானம் முழுக்கப் படிக்க வைத்தார். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. இப்படிப் பாசமான மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள்?

இன்றைக்குத்தான் ஒரு சந்து கிடைத்தது. மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். ஆன்றோவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு காரணமும் இல்லை, பிள்ளை இப்போது பேசுகிறாள். வெண்கோடன் சார் இவள் பேசிக் கேட்டதே இல்லை. ஒரு தடவை கேட்டுவிட்டால் நல்லது என்று தோன்றியது. தாத்தாவிடம் என்ன சொல்லணும், அக்காவுக்குச் சொல்லிக் காட்டு. சொல்லு கண்ணு. 'தாத்தா, நான்...' சொல்லு. 'நான் தழலினி, நல்லா இருக்கேன் தாத்தா.' பார்த்தீர்களா, எவ்வளவு தெளிவு! வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்தேன். வேறு என்ன சொல்லிக் கொடுப்பது இந்த வயதில்? ஆத்திசூடியா?

ஏன் என் பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? என்னது, பாபநாசம் வரை வரவேண்டுமா? அருவியா? இல்லை இல்லை, பிள்ளைக்குத் தண்ணீர் ஆகாது. பிறகு ஒரு நாள் கட்டாயம் வருகிறேன். நீங்களுமா, இப்போது பழகினவர் நீங்கள், உங்களுக்கும் என்மேல் இவ்வளவு பாசம்! கண்டக்டர், அம்பை, அம்பை! இறங்கணும்!

அதோ, அந்தப் பச்சை கேட் வீடுதான். அட, அவரே வாசலில் நிற்கிறார். சரியான நேரத்துக்கு வந்தோம். கூரியர்க்காரர் பைக்கோடு நிற்கிறார், அவரிடம் பெரிய கட்டு ஒன்றைக் கொடுக்கிறார் பாருங்கள். பகவதியம்மா சாமி கும்பிடுகிறார். கண்ணு, தாத்தா பார், தாத்தாவுக்கு டாட்டா காட்டு. சத்தமாக, சத்தமாக! கேட்டுவிட்டது. திரும்பிவிட்டார். பிள்ளையைப் பார்த்ததும் மனிதர் முகத்தைப் பாருங்களேன்.

ஏன் அந்தக் கட்டைத் திரும்ப வாங்குகிறார்? கூரியர்க்காரர் கொடுக்க மாட்டேன் என்கிறார், இவர் பிடித்து இழுக்கிறார். விலாசத்தைத் தப்பாக எழுதியிருப்பார். சொன்னேனே, இந்த மனிதருக்கு எதிலும் ஒரு ஒழுங்கு கிடையாது. இப்படி இருந்தால் ஏழாம் பாகம் எப்படிங்க வரும்?